கேட்டார்கள், ஆனால் கேட்டார்களா?

2004-இல் வட அயர்லாந்தில் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. அங்கே குழந்தைகளின் உரிமைகள் எந்தெந்த இடங்களில் கண்டுகொள்ளப்படாமலும் அரைகுறையாகவும் கிடக்கின்றன என்று பார்த்துச் சொல்வதுதான் ஆய்வுக் குழுவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகக் குழு அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கருத்தைத் திரட்டினார்கள். முப்பது ஆண்டுகள் ஆயுத மோதலைப் பார்த்த நிலம். 1998-இல் அமைதி ஒப்பந்தம் ஆன பிறகும் தெருக்களை மதில்கள் பிரித்துக்கொண்டுதான் இருந்தன. வன்முறையோ வறுமையோ பள்ளியில் நடக்கும் வம்போதான் பட்டியலின் உச்சியில் வரும் என்று வெளியிலிருந்து பார்க்கும் எவரும் நினைத்திருப்பார்கள். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தது வேறொன்றை: தங்களைப் பற்றி எடுக்கப்படும் முடிவுகளில் தங்களுக்குப் பேச்சே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘எங்களை யாரும் கேட்பதில்லை’ என்ற செய்தியே, யாரோ போய்க் கேட்டதால்தான் வெளியே வந்தது. அந்த ஒரு பதில் அதற்குப் பிறகு எங்கெல்லாம் போனது, எங்கே போய் நின்றுவிட்டது என்று பின்தொடர்ந்து பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. குழந்தைகளிடம் ஆய்வு செய்கிற எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய நிகழ்வு என்று நினைக்கிறேன். அது வெற்றிக்கதை என்பதால் இப்படிச் சொல்லவில்லை.

பின்னணி

ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்று ஏற்கப்பட்டது. பிரிட்டன் 1991-இல் ஒப்புறுதி அளித்தது. வட அயர்லாந்துக்கும் அதனால் அது பொருந்தும். உடன்படிக்கையின் 54 பிரிவுகளில் 12-ஆவது பிரிவைச் சுற்றித்தான் நம் கதை. அதன் சாரம் இது: தனக்கென ஒரு கருத்தை உருவாக்கிக்கொள்ளும் திறன் உள்ள குழந்தைக்கு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் அந்தக் கருத்தைத் தடையின்றிச் சொல்லும் உரிமை உண்டு, அந்தக் கருத்துக்கு, குழந்தையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப உரிய மதிப்புத் தரப்பட வேண்டும்.

இந்த வாக்கியத்தை மெதுவாகப் படிக்க வேண்டும். வயது, முதிர்ச்சி என்ற சொற்கள் இரண்டாம் பாதியில்தான் வருகின்றன. சொன்ன கருத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று தீர்மானிக்கும்போதுதான் முதிர்ச்சி கணக்கில் வரும். சொல்வதற்கே முதிர்ச்சி வேண்டும் என்று பிரிவு கேட்கவில்லை. ஒரு கருத்து இருந்தால் போதும். அது பக்குவமான கருத்தாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ‘சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்’ என்று ஆரம்பத்திலேயே கதவைச் சாத்துகிறவர்கள் இரண்டாம் பாதியின் நிபந்தனையைத் தூக்கி முதல் பாதியின் வாசலில் வைத்துவிடுகிறார்கள். உடன்படிக்கை எப்படி நடைமுறையாகிறது என்று கண்காணிக்கும் ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு 2009-இல் வெளியிட்ட 12-ஆம் பொதுக் கருத்துரை (பிரிவுக்கு அந்தக் குழு தரும் விளக்கம்) இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது: கருத்துச் சொல்ல வயது வரம்பு கிடையாது, குழந்தைக்குத் திறன் இருக்கிறது என்றே தொடங்க வேண்டும், தனக்குத் திறன் உண்டு என்று நிரூபிக்கும் பாரத்தைக் குழந்தை மேல் போடக்கூடாது.

அதே குழு 2001-இல் கல்வியின் நோக்கங்கள் பற்றி எழுதியபோதே, பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே போவதால் குழந்தைகள் தங்கள் மனித உரிமைகளை இழந்துவிடுவதில்லை என்று குறிப்பிட்டிருந்தது. மறு ஆண்டு பிரிட்டன் பற்றிய பரிசீலனையில், பள்ளிப் பிள்ளைகளைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்களை முறையாகக் கலந்தாலோசிக்கும் வழக்கம் இல்லை என்ற குறையைச் சுட்டியது. 2003-இல் வட அயர்லாந்தில் குழந்தைகள், இளையோருக்கான ஆணையர் பதவி சட்டத்தால் உருவாக்கப்பட்டது. ஆணையர் பிள்ளைகளின் கருத்தைத் தேடிப்போய்ப் பெற வேண்டும் என்பது அந்தச் சட்டத்திலேயே உண்டு. புது அலுவலகத்துக்கு எதை முதலில் கையில் எடுப்பது என்று தெரிய வேண்டியிருந்தது. அதற்காக எழுதச் சொன்னதுதான் மேலே சொன்ன அறிக்கை.

ஒரு கடிதம், ஒரே ஓர் எழுத்து

‘முடிவுகளில் பேச்சு இல்லை’ என்றால் நடைமுறையில் என்ன என்பதற்கு அன்றைய வட அயர்லாந்தின் ‘லெவன் பிளஸ்’ தேர்வைப் பார்க்கலாம். தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டு. வயது பத்து, பதினொன்று. நவம்பர் மாதம் இரண்டு தாள்கள். சில வாரங்கள் கழித்து வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். அதில் ஏ, பி1, பி2, சி1, சி2, டி என்ற வரிசையில் ஒன்று இருக்கும். தரம் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் ‘கிராமர்’ பள்ளிக்குப் போவதா, மற்றப் பள்ளிக்குப் போவதா என்பதை அந்த ஒன்றுதான் பெரும்பாலும் தீர்மானிக்கும். தேர்வு கட்டாயமில்லை, எழுதாமலும் இருக்கலாம். எழுதுவதா வேண்டாமா என்ற முடிவும் வீட்டில் பெரியவர்களுடையதுதான்.

இந்த முறை நீடிக்க வேண்டுமா என்ற விவாதம் அப்போது சூடாக நடந்துகொண்டிருந்தது. தேர்வைக் கைவிடச் சொல்லி 2001-இல் அரசு அமைத்த பர்ன்ஸ் குழு பரிந்துரைத்தது. 2002-இல் பொதுமக்கள் கருத்தறிய வீடுதோறும் ஒரு படிவம் போனது. வீட்டுக்கு ஒரு படிவம் என்றால் பேனா யார் கையில் இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. தேர்வு முடிவுக் கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழும் வயதில் இருப்பவர்தான் அந்த விவாதத்தின் முழுப் பாதிப்பையும் சுமக்கிறவர்.

லெவன் பிளஸ் பெரிய உதாரணம். சின்ன உதாரணங்களும் உண்டு. ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டால் மேல்முறையீடு செய்யும் உரிமை பெற்றோருக்கு இருந்தது. பதினெட்டு நிரம்பாத அந்தப் பிள்ளைக்கு இல்லை. அப்பா அம்மாவுக்கு அக்கறை இருந்தால் சரி. அவர்களே பள்ளியின் பக்கம் சாய்ந்துவிட்டால் பிள்ளைக்குப் போக்கிடம் இல்லை. வேல்ஸில் 2005-இல் மாணவர் மன்றங்கள் பள்ளிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டன. வட அயர்லாந்தில் அந்தக் கட்டாயமும் இல்லை.

கேட்பதில் உள்ள கண்ணிகள்

ஆயிரம் பிள்ளைகள் சொன்னார்கள் என்றதும் நம்பிவிடலாமா? ஆய்வு முறையில் கொஞ்சமாவது பழக்கம் உள்ளவர்களுக்கு இங்கே ஒரு தயக்கம் வர வேண்டும்; வருவது நல்லது.

1980-இல் மார்ட்டின் ஹியூஸ், ராபர்ட் கிரீவ் என்ற இரு உளவியலாளர்கள் ஐந்து வயது, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் வேண்டுமென்றே அர்த்தமில்லாத கேள்விகளைக் கேட்டார்கள். பால் தண்ணீரைவிடப் பெரியதா? சிவப்பு மஞ்சளைவிடக் கனமா? பிள்ளைகள் முழிப்பார்கள், சிரிப்பார்கள், ‘இது என்ன கேள்வி’ என்பார்கள் என்றுதானே நினைப்போம்? கிட்டத்தட்ட எல்லோரும் பதில் சொன்னார்கள். அதுவும் மழுப்பாமல், காரணத்தோடு. பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு ஒன்றைக் கேட்டால் அதற்கு ஒரு பொருள் இருந்தே ஆக வேண்டும் என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பொருளைத் தானே உண்டாக்கியும் கொடுக்கிறது. பிள்ளைகள் நம்பத்தகாதவர்கள் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல ஒரு கொசுறு: இதே மாதிரிக் கேள்விகளைப் பின்னால் பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்தபோது அவர்களும் பதில் சொன்னார்கள்.

இன்னொரு சோதனை 1974-இல் நடந்தது. இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் பொருள்களை அடுக்கி, ‘இரண்டிலும் ஒரே அளவா?’ என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் கேட்பார்கள். பிள்ளை ஆமாம் என்று சொல்லும். ஒரு வரிசையைக் கொஞ்சம் பரப்பி வைத்துவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்பார்கள். பல பிள்ளைகள் பதிலை மாற்றிவிடும். பிள்ளைக்கு எண்ணிக்கை மாறாது என்பது புரியவில்லை என்றுதான் அதுவரை முடிவு கட்டியிருந்தார்கள். ரோஸ், பிளாங்க் என்ற இருவர் முதல் கேள்வியைக் கேட்காமல், பரப்பி வைத்த பிறகு ஒரே ஒரு தடவை மட்டும் கேட்டுப் பார்த்தார்கள். தவறுகள் குறைந்தன. வகுப்பறைக்குள் நினைத்துப் பாருங்கள்: ஆசிரியர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் முதல் பதில் தப்பு என்று பொருள். அதைப் பிள்ளை நன்றாகவே கற்றிருக்கிறது. ஆய்வாளர்தான் அதை மறந்துவிடுகிறார்.

பள்ளியில் வைத்து எடுக்கும் பேட்டிகளில் இந்தச் சிக்கல் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். கேள்வி கேட்கிறவருக்கு விடை ஏற்கனவே தெரியும் என்பதுதான் வகுப்பறையின் பொது விதி. ஆய்வாளர் ‘சரி, தப்பு என்று எதுவும் இல்லை’ என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். பிள்ளை ஒரு வரி எழுதிவிட்டுத் தாளைத் திருப்பிக் காட்டி ‘இது சரியா?’ என்று கேட்கும். ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பார். அவர் ஒன்றும் சொல்லமாட்டார்தான், ஆனால் அவர் அங்கே இருக்கிறார். பேட்டிக்கு யாரை அனுப்புவது என்ற தேர்வைப் பள்ளியிடமே விட்டுவிட்டால் நன்றாகப் பேசும் பிள்ளை வரும். அடிக்கடி வகுப்புக்கு வெளியே நிறுத்தப்படும் பிள்ளை வராது. உரிமை பற்றிய ஆய்வுக்கு யார் முக்கியமாக வேண்டுமோ அவர் வரமாட்டார்.

சம்மதமும் அப்படித்தான். பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது ஒன்று. பிள்ளையின் இசைவு வேறொன்று. ‘விருப்பமில்லை என்றால் சொல்லலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்’ என்று படிவத்தில் இருக்கும். எழுந்து எங்கே போவது? பக்கத்து அறையில் கணக்குப் பாடம் நடக்கிறது. இப்படிப்பட்ட படிவங்களை நானும் கொடுத்து வாங்கியிருக்கிறேன். ‘விருப்பமில்லை’ கட்டத்தில் டிக் போட்ட தாள் ஒன்றுகூட வந்ததில்லை. அப்போது அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். இப்போது அதே எண்ணிக்கையைப் பார்த்தால், மறுப்பதற்கான வழியை நான் சரியாகத் திறந்துவைக்கவில்லை என்றுதான் படிக்கத் தோன்றுகிறது. சரியான முறையில் ஆய்வு செய்யப்படுவதே குழந்தையின் உரிமை என்று ஜூடித் என்யூவும் அவருடைய சக ஆய்வாளர்களும் வாதிட்டார்கள். பங்கேற்கும் உரிமை மட்டும் போதாது. மோசமான முறையில் திரட்டிய தகவலை வைத்துத் தன்னைப் பற்றிப் பேசக்கூடாது என்று கேட்கும் உரிமையும் அதில் அடக்கம். ஆய்வுலகில் இந்த வாதம் பெற வேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்பது என் எண்ணம்.

அப்படியானால் வட அயர்லாந்துப் பிள்ளைகளின் பதில் மட்டும் எப்படி நிற்கிறது? என் பார்வையில், அது பெரியவர்களைக் குளிர்விக்கும் பதில் இல்லை. தங்களிடம் வந்து கேட்கிறவருக்கு எது பிடிக்கும் என்று ஊகித்துச் சொல்கிற பிள்ளை ‘நீங்கள் யாரும் கேட்பதில்லை’ என்று சொல்வது அபூர்வம். கண்ணி இருக்கிற திசைக்கு எதிர்த்திசையில் போன பதில் அது.

2007: நான்கு துண்டுகள்

2004 அறிக்கையை எழுதிய குழுவில் இருந்தவர்களில் ஒருவர் லாரா லண்டி, சட்டமும் கல்வியும் இணையும் இடத்தில் வேலை செய்கிறவர். பிள்ளைகளின் பதிலை அறிக்கையோடு விட்டுவிடாமல், பன்னிரண்டாம் பிரிவு நடைமுறையில் ஏன் தோற்கிறது என்று 2007-இல் ஒரு கல்வி ஆய்விதழில் எழுதினார். குரல் மட்டும் போதாது என்பதே அந்தக் கட்டுரையின் வாதம். ‘குழந்தையின் குரல்’, ‘மாணவர் குரல்’ என்று பிரிவைச் சுருக்கிச் சொல்லும் பழக்கமே அதன் பாதியை விழுங்கிவிடுகிறது என்றார்.

பெரியவர்களின் தடை மூன்று வகை என்று அவர் பிரித்தார். பிள்ளைகளுக்குத் திறன் இல்லை என்ற சந்தேகம் ஒன்று. பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தால் ஆசிரியரின் அதிகாரம் குலைந்து பள்ளியே ஆட்டம் காணும் என்ற பயம் இன்னொன்று. இதற்கெல்லாம் செலவழிக்கும் நேரத்தைப் படிப்பில் செலவழிக்கலாமே என்ற கணக்கு மூன்றாவது. முதலாவதைப் பற்றி மேலே பேசியாகிவிட்டது. மூன்றாவதற்குப் பதில் எளிது: மற்றவர் பேச்சைக் கேட்டு, தன் கருத்தைச் சொல்லி, ஒரு முடிவுக்கு வரக் கற்பதும் படிப்புத்தான், உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவு கல்வியின் நோக்கமாகச் சொல்வதோடு அது ஒத்துத்தான் போகிறது. இரண்டாவதுதான் உண்மையான தடை. அதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, அதனால் விவாதிக்கவும் முடிவதில்லை. நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளிக்கிற ஆசிரியரின் பயத்தைக் கேலி செய்து ஆவது ஒன்றும் இல்லை. அவரையும் மேலே இருப்பவர்கள் எதுவும் கேட்பதில்லை என்பது அதற்குள் இருக்கும் இன்னொரு கதை.

தடைகளைச் சொன்ன பிறகு லண்டி பிரிவை நான்காகப் பிரித்தார். தமிழில் இடம், குரல், செவி, தாக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டும் கருத்துச் சொல்லும் உரிமையின் பகுதிகள். பின்னிரண்டும் உரிய மதிப்புப் பெறும் உரிமையின் பகுதிகள். இடம் என்பது பிள்ளை தானாக வரும்வரை காத்திராமல் அழைத்து உட்காரவைப்பது. சொன்னதற்காகப் பின்னால் யாரும் பழிவாங்கமாட்டார்கள் என்ற உறுதியும் அதில் சேரும். குரல் என்பது பேச்சாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; படம் வரையலாம், நடித்துக் காட்டலாம், எழுதலாம். தாக்கம் என்றால் சொன்னபடியே நடக்க வேண்டும் என்று பொருளில்லை. சொன்னதை எடுத்துப் பரிசீலித்தோமா, என்ன முடிவு செய்தோம், ஏன் என்று பிள்ளையிடம் திரும்பி வந்து சொல்ல வேண்டும் என்பதுதான்.

செவி என்ற மூன்றாவது துண்டுதான் லண்டியின் கட்டுரையை மற்றவற்றிலிருந்து பிரித்தது என்று நினைக்கிறேன். கருத்தைக் கேட்க வேண்டிய பொறுப்பும், அதன்மேல் எதையாவது செய்யும் அதிகாரமும் உள்ள ஒருவர் இருந்தாக வேண்டும்; அவர் யார் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். தமிழர்களுக்கு இதை விளக்குவது சுலபம், கஷ்டமும்கூட. நம்மிடம் வினவுவதும் கேட்பதுதான், காதில் வாங்குவதும் கேட்பதுதான், சொன்னபடி நடப்பதும் கேட்பதுதான். ஆய்வாளர் முதல் ‘கேட்ப’தை முடித்துவிட்டு மூன்றையும் முடித்ததாக அறிக்கை எழுதிவிடலாம். வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும். பிள்ளைகள் விஷயத்தில் மூன்றாவது பொருளை மட்டும் அவர்கள் பக்கம் தள்ளிவிட்டோம் என்பதை ‘சொன்ன பேச்சைக் கேள்’ என்று வீட்டில் எத்தனை தடவை சொல்கிறோம் என்பதை வைத்தே எண்ணிவிடலாம்.

ஆய்வில் இதன் விளைவு நேரடியானது. பெரும்பாலான ஆய்வுகளில் குரல் பதிவாகிறது, எழுத்தாகிறது, கட்டுரையாகிறது, ஆய்விதழில் அச்சாகிறது. பள்ளி நேரத்தை மாற்றும் அதிகாரம் உள்ளவர் அந்த ஆய்விதழைப் படிப்பதில்லை. ஆய்வாளருக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறது.

கேள்வியை யார் எழுதுவது

லண்டியும் அவருடன் பணியாற்றியவர்களும் அடுத்த சில ஆண்டுகளில் இன்னொரு படி இறங்கினார்கள். பதில் சொல்லும் பிள்ளைகளைத் தவிர, ஆய்வை வடிவமைக்கவே ஒரு குழந்தைகள் ஆலோசனைக் குழுவை அமைத்தார்கள். என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம், வந்த பதிலுக்கு என்ன பொருள் என்பதில் அந்தக் குழு ஆய்வாளர்களுக்கு வழிகாட்டும். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளோடும் இதைச் செய்து 2011-இல் எழுதினார்கள். பிள்ளைகள் அந்த ஆய்வின் தரவுப் பொருள் இல்லை. அங்கே அவர்கள் நிபுணர்கள். அவர்களைப் பற்றிய தகவலைத் திரட்டுவதற்காக அவர்களை உட்காரவைக்கவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கருத்துக் கேட்கும் முன், பிள்ளைகள் அந்தப் பொருளைப் பற்றி யோசிக்கவும் தங்கள் உரிமை என்ன என்று தெரிந்துகொள்ளவும் உதவ வேண்டும் என்பது இவர்களின் நிலைப்பாடு. உடன்படிக்கையைப் பிள்ளைகளுக்கும் தெரியப்படுத்த வேண்டும் என்று 42-ஆம் பிரிவே சொல்கிறது. ஆய்வு முறைக் கறாரானவர்கள் உடனே கையைத் தூக்குவார்கள்: உரிமையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு உரிமையைப் பற்றிக் கேட்டால் சொல்லிக்கொடுத்ததுதானே திரும்பி வரும்? கேள்வியில் நியாயம் உண்டு. பால், தண்ணீர் கதையை இப்போதுதான் படித்தோம். ஆனால் எதுவுமே சொல்லாமல் திடீரென்று போய்க் கேட்டால் வருவது ‘தூய’ கருத்து என்பதும் பிரமைதான். அதுவரை பள்ளியும் வீடும் சொல்லிக்கொடுத்தது அதில் இருக்கும். ‘உன் பள்ளியில் எது நியாயமில்லை?’ என்ற கேள்விக்குப் பதில் வர, பள்ளியில் நியாயம் என்று ஒன்றை எதிர்பார்க்கலாம் என்பதாவது பிள்ளைக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதில் சூத்திரம் கிடையாது. ஆய்வாளர் என்ன சொன்னார் என்பதை அப்படியே அறிக்கையில் எழுதிவைத்தால் படிப்பவர் எடைபோட்டுக்கொள்வார்.

சுவரொட்டி ஆன கதை

லண்டியின் நான்கு துண்டுகள் வேகமாகப் பரவின. அயர்லாந்துக் குடியரசு 2015 முதல் 2020 வரைக்கான தேசியப் பங்கேற்பு உத்தியை அதன் மேல்தான் கட்டியது. அலுவலர்கள் பயன்படுத்த ஒரு சரிபார்ப்புப் பட்டியலும் வந்தது. நான்கு பெட்டிகள், நான்கு சொற்கள், சில அம்புக்குறிகள். ஒரு தாளில் அடங்கிவிடும், சுவரில் ஒட்டலாம். பரவியதற்கும் அதுதான் காரணம், நீர்த்துப்போனதற்கும் அதுதான் காரணம். ‘செவி’ என்ற பெட்டியில் டிக் போட ஒரு கூட்டம் நடத்தினால் போதும் என்று ஆகிவிடும் அபாயம் எப்போதும் உண்டு.

சடங்குக்கான பங்கேற்பு பற்றி ரோஜர் ஹார்ட் 1992-லேயே யுனிசெஃப்புக்காக எழுதிய ஏணி, பிள்ளைகளின் பங்கேற்பைப் படிப்படியாக அளக்கும் ஏணி, இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். எட்டுப் படிகள், பிள்ளைகளைப் பகடையாக்குவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, ஒப்புக்குச் சேர்ப்பது என்ற கீழ்ப்படிகள் மூன்றும் பங்கேற்பே இல்லை என்றார் அவர். இதற்கு எதிர்பாராத ஒரு மறுமொழி 2018-இல் லண்டியிடமிருந்தே வந்தது. ஒப்புக்குக் கேட்பதையும் ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம் என்றார். ஒப்புக்காகிவிடுமோ என்று பயந்து கேட்காமலே இருந்துவிடுவதைவிட, அரைகுறையாகக் கேட்டதிலிருந்து அடுத்த படிக்குப் போக வழி உண்டு என்பது அவர் வாதம். முழுதாக ஏற்க எனக்குத் தயக்கம்தான். ஒரு முறை ஒப்புக்கு அழைக்கப்பட்ட பிள்ளை மறுமுறை வாய் திறக்காது. ஆனால் அதே கட்டுரையில், பிள்ளைகளுக்குத் திரும்பிச் சொல்லும் பதில் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் கொடுத்த நான்கு அளவுகோல்கள் கறாரானவை: பிள்ளைக்குப் புரியும்படி, விரைவாக, முழுமையாக, தொடர் நடவடிக்கையோடு. இந்த நான்கில் ‘விரைவாக’ என்பது ஆய்வாளர்களைத்தான் அதிகம் சுடும். நிதி வந்து, களப்பணி முடிந்து, கட்டுரை அச்சேற மூன்று ஆண்டுகள் ஆகிறது. பத்து வயதில் சொன்ன பிள்ளைக்குப் பதிமூன்று வயதில் பதில் போனால், எந்தப் பள்ளியைப் பற்றிச் சொன்னதோ அந்தப் பள்ளியே இப்போது அதனுடையது இல்லை.

அந்தக் கடிதம் என்ன ஆனது

தாக்கம் என்ற நான்காவது பெட்டியை இந்த நிகழ்வின் மீதே பொருத்திப் பார்ப்பது நியாயம். சில கணக்குகள் நல்லபடியாக முடிந்தன. ஆணையர் அலுவலகத்துக்குப் பிள்ளைகளின் வாயிலிருந்தே வந்த முன்னுரிமைப் பட்டியல் கிடைத்தது. ஒரு சிறு பிரதேசத்துப் பிள்ளைகளின் குறையிலிருந்து பிறந்த சட்டகத்தை இன்று பல நாடுகள் எடுத்தாள்கின்றன. 2009-இன் பொதுக் கருத்துரை, பிள்ளைகளைக் கலந்தாலோசிக்கும் எந்தச் செயல்பாட்டுக்கும் ஒன்பது அடிப்படைத் தேவைகளை வகுத்தபோது, வெளிப்படையாக இருப்பதில் தொடங்கிப் பதில் சொல்லும் பொறுப்பில் கொண்டுபோய் முடித்தது. ஸ்காட்லாந்து 2024-இல் உடன்படிக்கையைத் தன் உள்நாட்டுச் சட்டத்திலேயே சேர்த்துக்கொண்டது. வட அயர்லாந்தில் அப்படி இன்னும் நடக்கவில்லை.

லெவன் பிளஸ்? அரசு நடத்திய தேர்வு 2008 நவம்பரோடு முடிந்தது. தரம் பிரிக்கும் முறையையே கைவிடும்படி அதே ஆண்டு ஐ.நா. குழுவும் சொன்னது. ஆனால் கிராமர் பள்ளிகள் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதை விடவில்லை. அரசு விலகிய இடத்தில் இரண்டு தனியார் தேர்வுகள் முளைத்தன. ஒன்றில் மூன்று தாள்கள், மற்றதில் இரண்டு. எந்தப் பள்ளி எந்தத் தேர்வை ஏற்கும் என்பது பள்ளிக்குப் பள்ளி வேறு. வாய்ப்பைத் தவறவிட மனமில்லாத வீடுகளில் பிள்ளைகள் இரண்டையும் எழுதினார்கள். முன்பு தங்கள் தொடக்கப் பள்ளியிலேயே இரண்டு தாள் எழுதிக்கொண்டிருந்த வயதில், இப்போது சனிக்கிழமைகளில் வேறு பள்ளிக் கட்டடங்களுக்குப் போய் ஐந்து தாள் வரை எழுதினார்கள். ஒழுங்குமுறைக்குள் வராத இந்தத் தேர்வுகளை நிறுத்தும்படி 2016-இல் ஐ.நா. குழு மீண்டும் கேட்டது. 2023-இல் இரண்டையும் இணைத்து ஒரே தேர்வாக்கினார்கள். அந்த நவம்பரில், இரண்டு சனிக்கிழமைகள், இரண்டு தாள்கள்.